விழிப்புணர்வு வந்தது, விலை வரவில்லை

குழந்தைத் தொழிலாளர் முறையை அதன் எல்லா வடிவங்களிலும் 2025-க்குள் ஒழித்துவிடுவதாக ஐ.நா. உறுப்பு நாடுகள் 2015-ல் உறுதி எடுத்தன. கெடு முடிந்துவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2025 ஜூனில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் இன்னும் 13.8 கோடிக் குழந்தைகள் தொழிலாளர்களாக இருக்கிறார்கள். அவர்களில் 5.4 கோடிப் பேர் செய்வது உடலுக்கோ உயிருக்கோ ஆபத்தான வேலை. 2000-ல் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 24.6 கோடியாக இருந்தது. இடையில் உலகக் குழந்தைகளின் தொகையே பெருகியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சரிவு லேசான சாதனை அல்ல. ஆனாலும் இன்னும் ஐந்தாண்டுகளில் இந்த முறைக்கு முடிவுகட்ட வேண்டுமானால் இப்போதைய வேகம் 11 மடங்காக வேண்டும் என்று அதே அறிக்கை சொல்கிறது.

இப்படி இலக்கு தவறும்போதெல்லாம் மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்ற விளக்கம் உடனே வந்துவிடுகிறது. அந்த விளக்கம் காலாவதியாகிவிட்டது என்றே நினைக்கிறேன். தொழிற்சாலை வேலைக்குக் குறைந்தபட்ச வயது 14 என்ற உடன்படிக்கை 1919-லேயே, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாட்டிலேயே உருவானது. 1998-ல் மணிலாவில் கிளம்பி ஜெனீவாவில் முடிந்த உலகப் பேரணி நூறுக்கும் மேற்பட்ட நாடுகளைத் தொட்டது. அதை வழிநடத்திய கைலாஷ் சத்யார்த்திக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. பேரணிக்கு மறு ஆண்டே, 1999-ல், மோசமான குழந்தை உழைப்பு வடிவங்களைத் தடைசெய்யும் 182-ஆம் உடன்படிக்கை வந்தது. 2020 ஆகஸ்ட்டில் டோங்கா கையெழுத்திட்டதோடு, அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்ட முதல் உடன்படிக்கையாக அது ஆனது. 2002 முதல் ஆண்டுதோறும் ஜூன் 12-ல் உறுதிமொழி எடுக்கிறோம். குழந்தை வேலை செய்வது சரிதான் என்று மேடையேறிச் சொல்லும் அரசு இன்று ஒன்றுகூட இல்லை. இவ்வளவு ஒருமித்த கருத்து உலக அரசியலில் வேறு எதற்கும் அமைவது அரிது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் காண, விழிப்புணர்வு முழுமையாக வென்ற ஓர் இடத்தைப் பார்ப்பதே நல்லது. சாக்லேட் அப்படிப்பட்ட இடம்.

உலகின் கொக்கோவில் பாதிக்கும் மேல் மேற்கு ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இருக்கும் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. பெரிய எஸ்டேட்டுகள் அங்கே குறைவு. சில ஏக்கர் வைத்திருக்கும் லட்சக்கணக்கான குடும்பங்கள்தான் அதைப் பயிர்செய்கின்றன. கொக்கோ காய் கிளை நுனியில் தொங்குவதில்லை. அடிமரத்திலேயே பலாவைப் போல ஒட்டிக் காய்க்கும். அதை அரிவாளால் வெட்டி இறக்கி, ஓரிடத்தில் குவித்து, ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். இடது கையில் காயைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அரிவாளை ஓங்கி, ஓடு பிளக்கும் அளவுக்கு மட்டும், உள்ளே இருக்கும் கொட்டை வெட்டுப்படாமல் இறக்க வேண்டும். வெண்சதை சுற்றிய கொட்டைகளை வழித்தெடுத்து வாழையிலையில் கொட்டி மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, சாக்கில் கட்ட வேண்டும். நிறைந்த மூட்டை 60 கிலோவைத் தாண்டும். களைவெட்டும் மருந்தடிப்பும் தனி. அரிவாள் பிடிப்பது, அளவுக்கு மீறிய சுமை தூக்குவது, மருந்துக்கு அருகில் நிற்பது ஆகிய மூன்றும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆபத்தான வேலை என்று சர்வதேச வரையறையும் அந்நாட்டுச் சட்டங்களும் சொல்கின்றன. ஆபத்தில்லாத பகுதி என்று தனியே பிரித்து ஒரு சிறுவனிடம் கொடுக்க அந்த வேலையில் அதிகம் இல்லை.

மாலியிலிருந்தும் புர்கினா ஃபாசோவிலிருந்தும் சிறுவர்கள் இந்தத் தோட்டங்களுக்கு விற்கப்படுவதை 2000-லும் 2001-லும் பிரிட்டன் தொலைக்காட்சி ஆவணப்படமும் அமெரிக்க நாளேடுகளும் வெளிக்கொண்டுவந்தன. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை சூடாக எதிர்வினை காட்டியது. அடிமை உழைப்பு கலக்காத சாக்லேட்டுக்கு முத்திரை உருவாக்க நிதி ஒதுக்கும் திருத்தத்தை 2001 ஜூனில் நிறைவேற்றியது. முத்திரை சட்டமாகிவிட்டால் முத்திரை பெறாத பொருள் என்னாவது என்று நிறுவனங்கள் பதறின. செனட்டர் டாம் ஹார்கின், பிரதிநிதி எலியட் ஏங்கல் ஆகியோரின் பெயரால் அழைக்கப்படும் ஒப்பந்தம் அந்தப் பேரத்தில் பிறந்தது. 2001 செப்டம்பரில் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் கையெழுத்திட்டன. சட்டத்தின் இடத்தில் தன்னார்வ உறுதிமொழி வந்து உட்கார்ந்தது. 2005 ஜூலைக்குள் நம்பகமான சான்றளிப்பு முறை வரும் என்றார்கள், வரவில்லை. கெடு 2008-க்குப் போனது. பிறகு 2010-ல் இலக்கையே மாற்றி, மோசமான வடிவங்களை 2020-க்குள் 70 சதவீதம் குறைப்போம் என்றார்கள். 2020 அக்டோபரில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்க் ஆய்வு நிறுவனம் கணக்கைச் சொன்னது: இரு நாடுகளிலும் கொக்கோ வேலையில் இருக்கும் குழந்தைத் தொழிலாளர்கள் 15.6 லட்சம். 2008-09-ல் கொக்கோ விளையும் பகுதிகளின் விவசாயக் குடும்பங்களில் 31 சதவீதக் குழந்தைகள் இந்த நிலையில் இருந்தார்கள். 2018-19-ல் அது 45 சதவீதம்.

இந்த ஒப்பந்தத்தில் ஆலோசனைக் குழு உண்டு, கூட்டறிக்கை உண்டு, அறக்கட்டளை உண்டு, கண்காணிப்பு உண்டு. விவசாயியின் கொட்டைக்கு என்ன விலை கொடுப்பது என்பது மட்டும் இல்லை. இதைக் கவனக்குறைவு என்று கடந்துபோக முடியாது, ஏனென்றால் அந்த விலைக்கு அப்போதுதான் ஒரு விபத்து நேர்ந்திருந்தது. ஐவரி கோஸ்ட்டில் பல பத்தாண்டுகளாக அரசு வாரியம் ஒன்று பருவத்தின் தொடக்கத்திலேயே கொள்முதல் விலையை அறிவித்துவந்தது. நெல்லுக்கு ஆதார விலை அறிவிக்கப்படும் நம் ஊர் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் கடனுக்கு விதித்த நிபந்தனைகளின் பேரில் 1999-ல் அந்த வாரியம் கலைக்கப்பட்டது. மறு ஆண்டு உலகச் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 1,000 டாலருக்கும் கீழே போய் விழுந்தது. தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லாத விவசாயி மலிவான கைகளைத் தேடிய அந்த நேரத்தில்தான் பத்திரிகைகள் அங்கே போயின. 182-ஆம் உடன்படிக்கை ஜெனீவாவில் நிறைவேறியதும் இதே 1999-ல்தான். குழந்தைகளைக் காக்கும் சர்வதேசக் கை ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது, கடன் கொடுக்கும் சர்வதேசக் கை இன்னொரு பக்கம் அழித்துக்கொண்டிருந்தது. கலைக்கப்பட்ட வாரியம் உத்தமமானது அல்ல. விவசாயிக்கு உரிய பணத்தில் பெரும்பங்கை அது விழுங்கியது, 1989-ல் கொள்முதல் விலையைப் பாதியாக வெட்டியது. ஆனால் திருடும் காவல்காரனைத் திருத்துவதற்குப் பதில் காவலையே எடுத்துவிட்டார்கள். நிலையான கொள்முதல் விலை அங்கே திரும்பி வர 2012 ஆனது.

விலைக்கும் அரிவாள் பிடிக்கும் பிள்ளைக்கும் உள்ள தொடர்பு எளிதானது. காய் பழுத்தால் காத்திருக்காது. அறுவடைக் காலத்தில் ஒரு குடும்பத்தின் இரண்டு பெரியவர்களால் சமாளிக்க முடியாத வேலை சில வாரங்களில் குவிந்துவிடும். கூலிக்கு ஆள் வைக்க வேண்டும், அல்லது கானாவில் அபுசா என்று வழங்கும் முறையில் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து வாரத்துக்கு விட வேண்டும். இரண்டுக்கும் கையில் மிச்சம் வேண்டும். ஒரு சாக்லேட்டின் விலையில் விவசாயிக்குப் போவது ஆறேழு சதவீதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் உரத்துக்கும் மருந்துக்கும் போக நிற்பதில் ஆள் கூலி கொடுத்தால் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. அப்போது கூலி கேட்காத கை ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. 2020 மதிப்பீட்டின்படி உலகக் குழந்தைத் தொழிலாளர்களில் 72 சதவீதம் பேர் தங்கள் குடும்பத்துக்குள்ளேயே உழைக்கிறார்கள். நம் மனத்தில் பதிந்திருக்கும் கொடுமைக்கார முதலாளியின் படம் இவர்களுக்குப் பொருந்தாது. இவர்களுடைய முதலாளி அப்பா. அவரிடம் போய்ச் சுவரொட்டி காட்டுவதால் அவருக்குத் தெரியாத எதுவும் தெரியவரப் போவதில்லை.

விலை உயர்ந்தால் பிள்ளைகள் வேலையிலிருந்து விலகுவார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா? உண்டு, அதுவும் நெல்லில். வியட்நாம் 1990-களில் அரிசி ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளைப் படிப்படியாகத் தளர்த்தியது. உள்நாட்டிலும் அரிசி விலை ஏறியது. எரிக் எட்மண்ட்ஸ், நீனா பாவ்ச்னிக் என்ற இரு பொருளியலாளர்கள் 1993-லும் 1998-லும் அதே குடும்பங்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டார்கள். கிராமப்புறங்களில் குழந்தை உழைப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. அந்தக் குறைவில் ஏறத்தாழப் பாதிக்கு அரிசி விலை ஏற்றமே காரணம் என்று அவர்கள் கண்டார்கள். அதிகம் பயனடைந்தவர்கள் உயர்நிலைப் பள்ளி வயதுப் பெண்பிள்ளைகள். விலை ஏறினால் உழைப்புக்கும் மதிப்புக் கூடும், எனவே பிள்ளைகளும் கூடுதலாக இறக்கப்படுவார்கள் என்று எதிர்பார்ப்பது பாடப்புத்தகத் தர்க்கம். ஆனால் சற்று மூச்சுவிட இடம் கிடைத்த பெற்றோர் முதலில் வாங்கிய பொருள் பிள்ளையின் ஓய்வும் படிப்பும்தான்.

இதற்கு எதிரான சான்றுகளும் இருக்கின்றன, அவற்றை ஒதுக்கக் கூடாது. பிரேசிலில் காபி விலை ஏறிய காலத்தில் காபி விளையும் பகுதிகளில் சிறுவர்கள் கூடுதலாக வேலைக்கு இழுக்கப்பட்டதை டயானா க்ரூகரின் ஆய்வு காட்டியது. கானாவிலும் பாகிஸ்தானிலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள் நிலமற்ற வீட்டுப் பிள்ளைகளைவிட அதிகம் வேலை செய்யும் விசித்திரத்தை சோனியா பலோத்ராவும் கிறிஸ்டோபர் ஹீடியும் எழுதினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலேயே, குழந்தை உழைப்பு கூடிய அந்தப் பத்தாண்டில் கொக்கோ உற்பத்தியும் 62 சதவீதம் கூடியிருந்தது. அப்படியானால் கூடுதல் விலை கூடுதல் மரங்களாகி, கூடுதல் மரங்கள் கூடுதல் பிள்ளைகளைக் கேட்காதா? இந்த ஆய்வுகளைச் சற்று நெருங்கிப் பார்த்தால் விடை புலப்படும். பிரேசிலில் ஏறியது இன்று வந்து நாளை போகும் விலை. போவதற்குள் அள்ளிக்கொள்ள வேண்டும் என்று குடும்பம் எல்லாக் கைகளையும் இறக்கியது. வியட்நாமில் ஏறிய விலை நின்றது. நிலமுள்ள வீட்டின் புதிருக்கோ காரணம், கூலிக்கு ஆள் தேடினாலும் எளிதில் கிடைக்காத சந்தை. ஆக, விலை உயர்ந்தால் போதாது, நாலைந்து ஆண்டுக்கு நம்பக்கூடியதாக நிற்க வேண்டும். அந்த ஊரில் கூலி வேலைக்குப் பெரியவர்கள் கிடைக்கவும் வேண்டும். விளைச்சலைக் கூட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு விலையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த 62 சதவீதமே காட்டுகிறது. நிறுவனங்கள் நடத்திய திட்டங்களில் மிகப் பல, விளைச்சலைக் கூட்டும் பயிற்சிகளாகவே இருந்தன.

இரண்டாவது ஆட்சேபம் பண்பாடு சார்ந்தது. அப்பன் தொழிலைப் பிள்ளை கற்பதில் என்ன குற்றம், மேற்கத்தியக் கண்ணோடு பார்த்துவிட்டு எல்லாவற்றையும் குழந்தை உழைப்பு என்கிறார்களே என்பது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியைச் சர்வதேசச் சட்டம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது. பள்ளிக்கும் உடலுக்கும் கேடு வராத லேசான வேலையை வளரும் நாடுகளில் 12 வயதிலிருந்து அனுமதிக்க 1973-ஆம் ஆண்டின் 138-ஆம் உடன்படிக்கை இடம் தருகிறது. காயும் கொட்டையைக் கிளறிவிடும் சிறுமியைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை. ஆனால் குடும்பம் என்ற சொல் வந்தாலே சட்டம் பின்வாங்க வேண்டும் என்பது வேறு வாதம். இந்தியா அந்த வாதத்துக்கு 2016-ல் இடம் கொடுத்தது. 14 வயதுக்குக் கீழே எல்லா வேலையையும் தடைசெய்த அதே திருத்தத்தில், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவு திறந்து விடப்பட்டது. மறு ஆண்டே 138, 182 ஆகிய இரண்டு உடன்படிக்கைகளையும் ஏற்றோம். பள்ளி விட்டு வந்த பிள்ளை இரவு எத்தனை மணி வரை பீடி சுற்றியது, எத்தனை மணி வரை தறியடியில் நின்றது என்று வீட்டுக்குள் போய்ப் பார்க்கும் ஆய்வாளர் யார்? கொக்கோ நாடுகளின் புள்ளிவிவரம் இந்த இடத்தில் அதிரவைக்கிறது. குழந்தை உழைப்பு கூடிய அதே பத்தாண்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் விகிதம் ஐவரி கோஸ்ட்டில் 58-லிருந்து 80 சதவீதமாகவும் கானாவில் 89-லிருந்து 96 சதவீதமாகவும் உயர்ந்திருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கும் போகிறார்கள், அரிவாளும் பிடிக்கிறார்கள். பள்ளியில் பெயர் இருப்பதாலேயே ஒரு பிள்ளை மீண்டுவிட்டது என்று கணக்கு மூடுவது எவ்வளவு பிழை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பள்ளி முக்கியமில்லை என்று இதற்குப் பொருளல்ல. ஐவரி கோஸ்ட் 2015-ல் 6 முதல் 16 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை தொடக்கக் கல்வியின் இறுதித் தேர்வில் வந்து முட்டி நிற்கிறது. பள்ளி என்றால் ஆசிரியரும் கழிப்பறையும் மதியச் சோறும் சேர்ந்ததுதான் என்பதைத் தமிழ்நாட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரேசில் 1996-ல் மாத்து குரோசு தோ சுல் மாநிலத்தின் கரிமூட்டச் சூளைகளில் தொடங்கிய பெத்தி திட்டம் இன்னொன்றையும் சேர்த்தது. பிள்ளையை வேலையிலிருந்து விலக்கிய குடும்பத்துக்கு மாதம்தோறும் பணம் கொடுத்ததோடு, பள்ளி நேரத்தையும் நீட்டியது. அரைநாள் பள்ளி என்றால் மறு அரைநாள் சூளைக்குப் போய்விடும் என்பது தெரிந்தவர்கள் வகுத்த திட்டம் அது. பணமும் நேரமும் ஒன்றாக வந்தன.

சாக்லேட் சாப்பிடுவதை நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு வங்கதேசம் பதில் சொல்லும். குழந்தைகளின் உழைப்பில் உருவான பொருள்களை இறக்குமதி செய்யத் தடை கோரும் மசோதாவை 1992-ல் அமெரிக்க செனட்டில் கொண்டுவந்தவர் இதே டாம் ஹார்கின்தான். மசோதா சட்டமாகவே இல்லை. அச்சமே போதுமானதாக இருந்தது: டாக்காவின் ஆயத்த ஆடை ஆலைகள் சுமார் 50,000 குழந்தைகளை வெளியே அனுப்பின என்று யுனிசெஃப் மதிப்பிட்டது. பின்தொடர்ந்து பார்த்தபோது பலர் கல் உடைத்துக்கொண்டும், தெருவில் அலைந்துகொண்டும், பாலியல் தொழிலில் தள்ளப்பட்டும் இருந்தார்கள். பள்ளியில் இடம் தயாராகாமல் எந்தக் குழந்தையையும் நீக்கக் கூடாது, நீக்கினால் மாதம் 300 டாகா உதவித்தொகை என்று ஆலை முதலாளிகள் சங்கமும் இரு சர்வதேச அமைப்புகளும் ஒப்பந்தம் போட 1995 ஆனது. கோபம் முதலில் வந்தது, ஏற்பாடு மூன்று ஆண்டு கழித்து வந்தது. கொக்கோவைப் புறக்கணித்தால் அந்த மூன்று ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவில் எத்தனை ஆண்டாகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தோட்டத்தை விட்டுப் போக அங்கே ஆலைகூட இல்லை.

விலையைத் தொட ஐவரி கோஸ்ட்டும் கானாவும் தாமாகவே முயன்றன. டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று 2019-ல் அறிவித்து, 2020-21 பருவத்திலிருந்து நடைமுறைப்படுத்தின. வாங்குபவர்கள் வரவேற்று அறிக்கை விட்டார்கள். பின்னர் தரத்துக்காக வழக்கமாகக் கொடுத்துவந்த கூடுதல் தொகையைக் குறைத்து, ஒரு கட்டத்தில் பூஜ்யத்துக்கும் கீழே கொண்டுபோனார்கள். வலது கையால் கொடுத்தது இடது கையால் திரும்பியது. 2024-ல் மழைக் கோளாறும் மரநோயும் சேர்ந்து விளைச்சலைக் கெடுக்க, டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ டன் 12,000 டாலரைத் தாண்டியது. அதே நேரம் ஐவரி கோஸ்ட் விவசாயிக்கு நிர்ணயித்த விலை கிலோவுக்கு 1,800 சிஎஃப்ஏ பிராங்க், அதாவது டன்னுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். அரசு வாரியம் ஓராண்டு முன்னதாகவே பயிரை விற்றுவிடுவதால், விலை ஏறும்போது விவசாயிக்கு அது தாமதமாகவே வந்து சேர்கிறது. ஆகவே நிறுவனங்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது நேர்மையல்ல. ஏற்றுமதி வரியாகவும் வாரியச் செலவாகவும் இரு நாட்டு அரசுகளும் எடுத்துக்கொள்வதும் அதே விவசாயியின் பங்கிலிருந்துதான். அந்தக் கணக்கை வெளியிடக் கேட்கும் உரிமை அங்குள்ள விவசாயிகளுக்கு முதலில் வேண்டும்.

இனி நிறுவனங்கள் சொல்லும் கடைசி ஆட்சேபம்: விலையைக் கூட்டினால் சாக்லேட் விலை எகிறும், வாங்குபவர் குறைவார், கடைசியில் அடி விழுவது விவசாயிக்கே. மேலே சொன்ன ஆறேழு சதவீதத்தை வைத்துப் பார்த்தால், விவசாயிக்குக் கிடைப்பதை இரட்டிப்பாக்கினாலும் 100 ரூபாய் சாக்லேட் 106 அல்லது 107 ரூபாய் ஆகும். கடையில் நிற்கும் யாரும் அதற்காகத் திரும்பிப் போக மாட்டார்கள். 2024-ன் விலையேற்றத்தில் உலகம் இதைவிடப் பெரிய உயர்வைப் பொறுத்துக்கொண்டது, விவசாயிக்கு அதில் பெரும்பங்கு போகாமலேயே. தடை வேறு: போட்டியாளர் கொடுக்காத விலையை ஒரு நிறுவனம் தனியாகக் கொடுக்க முன்வராது. எல்லோரையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்துவது சட்டத்தால் மட்டுமே முடியும், 2001-ல் நழுவவிட்டது அதைத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் நிறைவேற்றிய நிறுவனப் பொறுப்புச் சட்டம் குழந்தை உழைப்போடு சேர்த்துச் சிறுவிவசாயியின் வாழத்தக்க வருமானத்தையும், வாங்கும் நிறுவனத்தின் கொள்முதல் நடைமுறையையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. தொழில்துறையின் நெருக்குதலில் 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிவைக்கப்பட்டது. சட்டத்தின் வரம்பைச் சுருக்கும் பேரமும் கூடவே தொடங்கியது. குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பில் அக்கறை கொண்ட அமைப்புகள் தங்கள் சக்தியை எங்கே செலவிடுவது என்று யோசித்தால், ஜூன் 12 ஊர்வலத்தைவிட பிரஸ்ஸல்ஸில் அந்தக் கொள்முதல் விதி எந்த வடிவில் எஞ்சி நிற்கிறது என்பதைக் காவல் காப்பது பயனுள்ளது.